ஆடாதோடை: இலையும் எல்லையும்

(நோட்டன் பிரிட்ஜில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் எடுத்துக்கொண்ட செடி ஆடாதோடை. தமிழ் வைத்தியம் தெரிந்த வீடுகளில் இதற்கு அறிமுகம் தேவையில்லை. ஆனாலும் இதை நோட்டன் பிரிட்ஜில் நின்று பேசுவதற்கு ஒரு பொருத்தம் இருக்கிறது. தென்மேல் பருவமழை வந்து மோதும் மேற்குச் சரிவில் இருக்கிறது இந்த ஊர். கினிகத்தேனை, வட்டவளை, நோட்டன், லக்சபான என்று நீளும் இந்த வட்டாரம் இலங்கையிலேயே மிக அதிகமாக நனையும் பகுதிகளுள் ஒன்று. கெஹெல்கமு ஓயாவின் நீர் காசல்ரியிலும் இங்குள்ள அணைக்கட்டிலும் தேங்கி லக்சபானவில் மின்சாரமாகிறது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் முன்வைத்த யோசனை அது; பழைய லக்சபான மின்நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. இந்த மழையின் கணக்கில் மின்சாரம் மட்டும்தான் எழுதப்பட்டிருக்கிறது. தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக் காம்பராக்களில் அது விட்டுச்செல்லும் இருமலை யாரும் எழுதி வைக்கவில்லை.

பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. அதை ஒட்டியே அடுப்பு. மழைக்காலத்தில் விறகு காய்வதில்லை. ஈர விறகு எரிவதைவிடப் புகைவதே அதிகம். மலையில் நாள் முழுவதும் நனைந்து கொழுந்து எடுத்துவிட்டு வரும் பெண் அந்தப் புகைக்குள் உட்கார்ந்துதான் சோறு ஆக்குகிறாள். கைப்பிள்ளையும் அங்கேதான் தூங்குகிறது. இப்படியான வீட்டில் இருமலை யாரும் நோயாகக் கணக்கெடுப்பதில்லை; பருவத்தோடு வந்தது பருவத்தோடு போகும் என்று விட்டுவிடுகிறார்கள். டிஸ்பென்சரிக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும் என்ற பயமும் உண்டு. ஆகவே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான் மருந்து: கொத்தமல்லி, இஞ்சி, கற்பூரவள்ளி, துளசி, தூதுவளை, ஆடாதோடை.

செடியைப் பார்த்திராத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஆளுயரத்துக்கும் அதற்கு மேலும் வளரும் புதர். இலை எதிரெதிராக அமைந்திருக்கும். நீண்டு, நுனி கூர்ந்து, ஒரு சாண் அளவுக்கு வளரும். கசக்கி முகர்ந்தால் ஒரு கெட்ட வாடை. வாயில் வைத்தால் நெடுநேரம் போகாத கசப்பு. கிளையின் நுனியில் கதிர் எழும்பி வெள்ளைப் பூக்கள் விரியும். பூ இரண்டு உதடாகப் பிளந்திருக்கும். கீழுதட்டின் உள்ளே ஊதா நிறக் கோடுகள். கசப்பினால் ஆடுமாடுகள் இதில் வாய் வைப்பதில்லை, அதனால் மரக்கறிப் பாத்திக்கு நல்ல வேலி. குச்சி ஒடித்து ஊன்றினாலே வேர் பிடிக்கும்.

இந்தச் செடியை நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார்கள் என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. சான்று அதற்கு மாறாக இருக்கிறது. பால் ஹெர்மன் என்னும் வைத்தியர் 1672 முதல் சில ஆண்டுகள் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையில் இலங்கையில் இருந்தார். பின்னர் லெய்டன் பல்கலைக்கழகத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்று, அங்குள்ள செடிகளைப் பற்றி 1687 இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் இந்தச் செடி 'இலங்கையரின் ஆடாதோடா' என்ற பொருளில் இலத்தீன் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. 1753 இல் லின்னேயஸ் அந்தப் பெயரை எடுத்தாண்டு ஜஸ்டிசியா ஆடாதோடா என்று பதிந்தார். நம் மக்கள் கோப்பித் தோட்டங்களுக்கு வருவதற்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே செடியும் பெயரும் இத்தீவில் வழங்கியிருக்கின்றன. சிங்கள நாட்டு வைத்தியர்களும் இதை அறிந்தே இருந்தார்கள். மன்னாரில் இறங்கித் தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து வந்தவர்கள், வழியில் காய்ச்சலுக்கும் பேதிக்கும் பலரைப் பறிகொடுத்துவிட்டு மலையேறியபோது, இங்கே தமக்குத் தெரிந்த ஒரு செடியைக் கண்டார்கள்.

அதைக் கையாளும் முறையும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆடாதோடை இலையை அப்படியே இடித்துப் பிழிந்தால் சாறு எளிதில் வராது. அனலில் வாட்டி, இலை துவண்டதும் சூட்டோடு பிழிய வேண்டும். வடமொழி வைத்திய நூல்கள் இதையே சற்று விரிவாக்கி, இலை விழுதை வேறோர் இலையில் பொதிந்து, மேலே மண் பூசி, நெருப்பில் சுட்டுப் பிழியும் புடபாக முறையாகச் சொல்கின்றன. பிழிந்த சாற்றைத் தேனில் குழைத்துக் கொடுப்பது வீட்டு வழக்கம். சித்த வைத்தியத்தில் இலைச்சாற்றை இனிப்போடு காய்ச்சிப் பாகுபதத்தில் இறக்குவது ஆடாதோடை மணப்பாகு. இருமல், சளிக்கட்டு, மூச்சிரைப்பு, சளியோடு இரத்தம் வருதல் ஆகியவற்றுக்கு இந்த இலை நெடுங்காலமாக வழங்கிவருகிறது. கடைசியாகச் சொன்ன இரத்தம் வருதலுக்கு ஆயுர்வேதம் இதற்கு முதலிடமே கொடுக்கிறது. பூவை வதக்கிக் கண் நோய்க்குக் கட்டுவதும் உண்டு. 2020 இல் கொரோனாக் காலத்தில் தமிழ்நாடெங்கும் கொடுக்கப்பட்ட கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்குகளில் ஆடாதோடை ஒன்று. நம் நாட்டுக் கடைகளில் தொங்கும் சமஹன் மூலிகைப் பானப் பொட்டலத்திலும் இது சேர்கிறது. தன் வீட்டில் இந்தச் செடி இல்லை என்பவரும் அறியாமலே இதைக் குடித்திருக்கக்கூடும்.

இந்த இலைக்குள் என்ன இருக்கிறது என்பதை முதலில் கண்டவரின் கதை நம் மலைகளின் கதையோடு பின்னிக் கிடக்கிறது. அதைச் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன்.

தேயிலைக்கு முன் இங்கே கோப்பி இருந்தது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1869 இல் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. சில ஆண்டுகளில் தோட்டங்கள் அழிந்தன. கோப்பிக்கும் தேயிலைக்கும் இடையில் இந்த மலைகளில் ஒரு மருந்துப் பயிர் இருந்ததை மட்டும் நாம் மறந்துவிட்டோம். அது சிங்கோனா. அதன் பட்டையிலிருந்துதான் மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா எடுக்கப்பட்டது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்த மரத்தை வளர்ப்பதற்காகவே 1861 இல் ஹக்கலையில் அரசு ஒரு தோட்டம் அமைத்தது. இன்று நாம் பிள்ளைகளோடு சுற்றிப் பார்க்கப் போகும் ஹக்கலைப் பூங்கா அதுதான். லூல்கந்துரையில் தேயிலையை நிலைநாட்டிய ஜேம்ஸ் டெய்லர் சிங்கோனாவும் வளர்த்தவர். கோப்பி விழுந்ததும் துரைமார் சிங்கோனாவின் பக்கம் பாய்ந்தார்கள். 1886 இல் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை இங்கிருந்து ஏற்றுமதியானது. அவ்வளவும் சந்தையில் குவிந்து விலை விழுந்தது. ஜாவாவில் ஒல்லாந்தர் வளர்த்த இனத்தில் கொயினா கூடுதலாக இருந்ததும் ஒரு காரணம். பிறகு சிங்கோனாவைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தேயிலை நட்டார்கள். அந்தப் பட்டையை உரித்ததும் உலர்த்தியதும் சாக்கில் கட்டிச் சுமந்ததும் நம் பாட்டன் பாட்டிமாரின் முன்னோர். மலேரியாவுக்கு உலகம் குடித்த மருந்தில் அவர்களுடைய உழைப்பும் கலந்திருந்தது. மலையக வரலாற்றில் இதற்கு இன்னும் கூடுதலான இடம் வேண்டும் என்பது என் கருத்து.

அதே காலத்தில் நீலகிரியிலும் சென்னை அரசுக்குச் சிங்கோனாத் தோட்டங்கள் இருந்தன. எந்தப் பட்டையில் எவ்வளவு கொயினா இருக்கிறது என்று பகுத்தறிய ஓர் இரசாயன அறிஞர் தேவைப்பட்டார். 1884 இல் அந்தப் பணிக்கு உதகமண்டலம் வந்தவர் டேவிட் ஹூப்பர். அவர் சிங்கோனாவோடு நிற்கவில்லை. சுற்றியிருந்த நாட்டு வைத்தியச் செடிகளையும் ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் சென்றார். 1888 இல் ஆடாதோடை இலையிலிருந்து ஓர் அல்கலாயிட்டைப் பிரித்து, அதற்கு வாசிசின் என்று பெயரிட்டார். பின்னர் டைமொக், வார்டன் இருவரோடும் சேர்ந்து, இந்திய மருந்துச் சரக்குகளைப் பற்றிய 'ஃபார்மகோகிராஃபியா இண்டிகா' என்னும் பெருநூலை எழுதி முடித்தார். கசப்புப் பட்டைக்குள் கொயினாவைத் தேடிப் பழகிய கண்தான் கசப்பு இலைக்குள் வாசிசினையும் தேடியது என்று நான் நம்புகிறேன். சிங்கோனா மலையகத்துக்கு விட்டுச்சென்ற செல்வம் மிகக் குறைவு. அதன் வழியாக வந்த இந்த அறிவு நிலைத்துவிட்டது.

அடுத்த கட்டங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1920களில் கல்கத்தாவில் ஆர். என். சோப்ராவும் உடன் பணியாற்றியவர்களும் இந்த இலையின் செயலை ஆராய்ந்தார்கள். 1959 இல் அமின், மேத்தா என்னும் இருவர், இதே இலையிலுள்ள வாசிசினோன் என்ற பொருள் மூச்சுக்குழாயை விரிக்கிறது என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 1960களில் ஜெர்மனியில் வாசிசினின் மூலக்கூற்றை முன்மாதிரியாகக் கொண்டு பிரோம்ஹெக்சின் என்ற மருந்தை ஆக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அது உடலுக்குள் மாற்றமடைந்து உண்டாகும் பொருள்களில் ஒன்றே அம்ப்ரோக்ஸோல். அதுவும் 1970களின் இறுதியில் தனி மருந்தாக வந்தது. நெஞ்சில் பசைபோல் ஒட்டிய சளியின் இழைகளை அறுத்து நீர்க்கச் செய்வது இவற்றின் வேலை. இன்று பார்மசியில் இருமலுக்கு வாங்கும் பல பாணி மருந்துகளின் போத்தலில் இந்த இரண்டு பெயர்களில் ஒன்றைக் காணலாம். அம்ப்ரோக்ஸோலின் கதை அதோடு முடியவில்லை. பார்க்கின்சன் நோயாளருக்கு அது உதவுமா என்று இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் சிறிய அளவில் சோதித்து, 2020 இல் முடிவை வெளியிட்டார்கள். அதைத் தொடர்ந்து பெரிய சோதனைக்கும் இறங்கியிருக்கிறார்கள்.

இவற்றைக் கேட்கும்போது, நம் பாட்டிமாருக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது என்று நெஞ்சு நிமிர்கிறது. அந்தப் பெருமிதம் எனக்கும் உண்டு. ஆனால் குளிசைக்குக் கிடைத்த சான்றை இலையின் கணக்கில் எழுதிவிட முடியாது. பிரோம்ஹெக்சின் இலையிலிருந்து பிழிந்தெடுத்தது அல்ல, ஆய்வுகூடத்தில் கட்டப்பட்டது. ஒவ்வொரு குளிசையிலும் ஒரே அளவு. நம் வேலியில் இருக்கும் இலையிலோ இளசுக்கும் முற்றலுக்கும், மழைக்கும் வெயிலுக்கும், பச்சைக்கும் காய்ந்ததற்கும் அளவு மாறும். இலையையே மருந்தாகக் கொடுத்துப் பெரிய எண்ணிக்கையிலான நோயாளரிடம் செய்த சோதனைகள் குறைவு. ஆயுர்வேத மருந்துநூல் பெரியவர்களுக்கு இலைச்சாறு 10 முதல் 20 மில்லி என்று ஒரு வேளை அளவைச் சொல்கிறது. வாட்சப்பில் சுற்றிவரும் குறிப்புகளில் இந்த அளவு இருப்பதில்லை. 'தினமும் குடியுங்கள்' என்று மட்டும் இருக்கிறது.

இந்தச் சொற்பொழிவில் நான் வலியுறுத்த வந்தது இதைத்தான். நம் மூத்தவர்களின் மருத்துவ அறிவு என்பது செடியின் பெயரும் நோயின் பெயரும் மட்டும் அன்று. எந்தப் பாகம், எவ்வளவு, எத்தனை நாள், யாருக்குக் கொடுக்கக்கூடாது, எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் சேர்ந்ததே அந்த அறிவு. அது வாய்வழியாக இறங்கும்போது முன்பாதி தங்கிவிடுகிறது, பின்பாதி உதிர்ந்துவிடுகிறது. ஆடாதோடையில் அந்தப் பின்பாதி உயிரோடு தொடர்புடையது. இரண்டு இடங்களில் அதை விரித்துச் சொல்ல வேண்டும்.

முதலாவது காசநோய். சளியில் இரத்தம் கண்டால் ஆடாதோடை என்பது பழைய மரபு என்றேன். காசநோயின் அடையாளங்களில் அதுவும் ஒன்று என்பதை எண்ணிப் பாருங்கள். 1996 இல் பிரித்தானிய ஆய்வாளர் கிரேஞ்சும் ஸ்னெல்லும், பிரோம்ஹெக்சினும் அம்ப்ரோக்ஸோலும் காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பதாகக் கண்டார்கள். அது சோதனைக் குழாயில் கண்டது. மனித நெஞ்சுக்குள் வளரும் கிருமியை ஆடாதோடைக் கஷாயம் ஒழிக்காது. இருமலைத் தணிக்கலாம், சளியை இளக்கலாம், அதனாலேயே ஆபத்து. கொஞ்சம் தேறியதுபோல் தோன்ற, வைத்தியசாலைக்குப் போவது ஒரு மாதம் தள்ளிப்போகும். அதற்குள் அந்தக் காம்பராவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் நோய் தொற்றிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ, இரத்தம் கண்டாலோ, மாலையில் காய்ச்சல் வந்து உடல் மெலிந்தாலோ சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். மாவட்ட மார்புச் சிகிச்சை நிலையத்தில் அது இலவசம். ஆறு மாத மருந்தும் இலவசம். தவறாமல் குடித்தால் குணமாகும் நோய் அது. டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போனாலும் வழிகாட்டுவார்கள்.

இரண்டாவது, வந்திருக்கும் தாய்மார் கவனமாகக் கேட்க வேண்டியது. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். இந்தியாவில் ஜம்முவின் வட்டார ஆய்வுகூடத்தில் சி. கே. அட்டால் தலைமையில் இதை விரிவாக ஆராய்ந்து, 1980 இல் வாசிசினைப் பிரசவ வலியைத் தூண்டக்கூடிய, கருவைக் கலைக்கக்கூடிய பொருள் என்றே வெளியிட்டார்கள். ஆடாதோடையின் நச்சுத்தன்மை பற்றி அதுவரை எழுதப்பட்டவற்றைச் சுவீடன் ஆய்வாளர்கள் 2000 இல் தொகுத்து ஆராய்ந்தபோதும் இந்தக் கேள்விக்கு முக்கிய இடம் கொடுத்தார்கள். கர்ப்பிணிப் பெண்கள் ஆடாதோடையைக் குடிக்கக்கூடாது. முதல் மாதங்களிலும் கூடாது, கடைசி மாதங்களிலும் கூடாது.

இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று ஒரு வைத்தியர் நினைக்கலாம். நம் வீடுகளில் கஷாயம் எப்படிப் போடப்படுகிறது என்பதைப் பார்த்தால் அப்படி நினைக்கமாட்டார். ஒரு சட்டியில் வைத்து, வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஊற்றிக் கொடுப்பது நம் வழக்கம். இருமலே இல்லாதவருக்கும் 'முன்கூட்டியே நல்லது' என்று ஒரு குவளை வரும். மருமகள் இரண்டு மாதமாக முழுகாமல் இருப்பதை மாமியாரிடம் இன்னும் சொல்லாமல் இருக்கலாம். அவளுக்கே தெரியாமலும் இருக்கலாம். கர்ப்பமாக இருந்தும் மலைக்குப் போய் நனைந்து வருகிறவள், சளி பிடித்தால் அந்தக் குவளையை மறுக்கமாட்டாள். அன்போடு கொடுத்ததை எப்படி மறுப்பாள்? ஆகவே கஷாயச் சட்டியில் ஆடாதோடை போடும் கை, பிள்ளை உண்டாகியிருக்கக்கூடிய பெண்ணுக்கு வேறு குவளை எடுக்க வேண்டும். கடையில் வாங்கும் பொட்டலத்திலும் சரக்குப் பட்டியலைப் படித்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று, ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனில் குழைத்து எதையும் நாக்கில் தடவ வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துக்கள் அந்த வயதுக் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும்.

ஆடாதோடை எவ்வளவு நல்ல இலையானாலும் அடுப்புப் புகையை அதனால் வெளியேற்ற முடியாது. ஈரச் சுவருக்கும் புகைபோக்கி இல்லாத அடுப்பங்கரைக்கும் கஷாயம் பதிலாகாது. பெருந்தோட்ட மக்களுக்குத் தனி வீடு வேண்டும் என்று கேட்பதை நாம் உரிமைக் கோரிக்கையாக மட்டும் பேசிவருகிறோம். அது நுரையீரல் வைத்தியமும்கூட என்று சுகாதாரத் துறையினரே பேச வேண்டும்.

மூலிகை அறிவை எழுதி வைக்க நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்த வைத்தியத்தையும் தன் வரம்புக்குள் ஏற்றுக்கொண்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது; இப்போது திருகோணமலை வளாகத்திலும் அது கற்பிக்கப்படுகிறது. அங்கே படிக்கும் மலையகப் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு வரும்போது தோட்டத்தில் எழுபது வயதைத் தாண்டிய பெண்களிடம் போய் உட்காருங்கள். என்ன செடி என்று கேட்பதோடு எழுந்துவிடாதீர்கள். யாருக்குக் கொடுக்கமாட்டீர்கள் பாட்டி, எத்தனை நாளில் நிறுத்துவீர்கள், கொடுத்துப் பலிக்காமல் போனது எப்போது என்று கேளுங்கள். செடியின் ஒரு கிளையைப் பூவோடு உலர்த்திக் காகிதத்தில் ஒட்டி, பக்கத்தில் அவர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். பூ இருந்தால்தான் செடியைச் சந்தேகமின்றி அடையாளம் காண முடியும். தென்னிந்தியாவில் ஆடாதோடைக்கு நெருங்கிய இனமான சிற்றாடாதோடையும் வைத்தியத்தில் வழங்குகிறது. இலையை மட்டும் பார்த்துப் பெயர் சொல்வது தவறில் முடியும்.

கடைசியாக, தோட்டத்து வைத்திய உதவியாளர்களிடமும் குடும்ப நல உத்தியோகத்தர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கர்ப்பிணிகள் கிளினிக்குக்கு வரும்போது இரத்த அழுத்தம் பார்க்கிறீர்கள், நிறை பார்க்கிறீர்கள். கூடவே 'வீட்டில் என்ன கஷாயம் குடித்தீர்கள் அம்மா?' என்று தமிழில் கேளுங்கள். கண்டிக்கும் குரலில் கேட்டால் எவரும் சொல்லமாட்டார்கள். அந்தக் கஷாயத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டால் சட்டியில் போட்ட ஒவ்வொரு சரக்கையும் சொல்வார்கள். அவர்கள் சொல்வதை அட்டையில் எழுதுங்கள். தாய்மாரே, உத்தியோகத்தர்கள் கேட்க மறந்தாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.